ஹெட்லைட் மினுக்குகிறதா? எர்த், பேட்டரி, ஆல்டர்னேட்டர், ரிலே, எல்இடி: எதில் காசு போடலாம்

பெங்களூருக்குள் ஓட்டும்போது ஹெட்லைட் சரியாக எரிகிறதா என்று யாரும் கவனிப்பதில்லை. தெருவிளக்கு இருக்கிறது, சில்க் போர்டு நெரிசலில் வேகமும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஊருக்கு இறங்கும்போதுதான் விளக்கின் நிலை தெரியவரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னும் பின்னும் லாரி போகும்போது வெளிச்சம் ஒரு கணம் மங்கித் திரும்பினால், அந்தப் பயணம் முழுவதும் மனம் சாலையில் நிற்காது.

மறுநாள் யாரிடம் கேட்டாலும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். பல்பை மாற்று என்பார் ஒருவர், பேட்டரி போய்விட்டது என்பார் இன்னொருவர். இளவட்டங்கள் எல்லோரும் எல்இடி போடச் சொல்வார்கள். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். உங்கள் வண்டிக்கு எது என்பதை அளந்து பார்க்காமல் காசை இறக்கக் கூடாது என்பதே என் வாதம். அளந்தால் பெரும்பாலும் மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலையில் போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு வழியையும் எடுத்து, எப்போது அது சரி, எப்போது வீண் என்று பார்ப்போம்.

எப்படி மினுக்குகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது

ஒரு பக்கம் மட்டும் மினுக்கினால் பேட்டரியையும், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரையும் அன்றைக்கே மறந்துவிடலாம். அவை இரண்டும் இரு விளக்குகளுக்கும் பொது. கோளாறு அந்தப் பக்கத்து பல்ப், ஹோல்டர், கப்ளர் (பல்பில் செருகும் ஒயர் முனை), ஒயர் அல்லது எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றில்தான் இருக்கும். இடது பல்பை வலதில் மாட்டிப் பாருங்கள். மினுக்கல் பல்போடு கூடவே இடம் மாறினால் பல்ப், மாறாமல் அங்கேயே நின்றால் ஒயரிங்.

இரண்டும் சேர்ந்து மினுக்கினால், உள்ளே இருக்கும் கூரை விளக்கையும் டேஷ்போர்டையும் கவனியுங்கள். அவையும் கூடவே ஏறி இறங்கினால் மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தில் கோளாறு. அவை நிலையாக இருந்து ஹெட்லைட் மட்டும் துடித்தால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), ஸ்டியரிங் அருகே உள்ள காம்பினேஷன் சுவிட்ச், ஹெட்லைட் எர்த் என்று வட்டம் சுருங்குகிறது.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால் லூஸ் கனெக்ஷன். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் அதே தாளத்தில் துடித்தால், இரண்டுக்கும் பொதுவான எர்த் கெட்டிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும்போதோ ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும்போதோ ஒரு கணம் மட்டும் லேசாக இறங்கி ஏறுவது பல வண்டிகளில் இயல்பு. அதற்குச் செலவு வேண்டாம். செல்போன் வீடியோவில் எல்இடி விளக்கு மினுக்குவதும் கோளாறு ஆகாது. பல எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன, கேமராவுக்கு அது தெரிந்துவிடுகிறது.

ஒரு மீட்டர், சில எண்கள்

எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த முதலீடு வீணாகாது.

ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில், இன்ஜினை எழுப்பும் முன் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வையுங்கள். இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி டிஃபாகர் எல்லாம் போட்ட நிலையில் அதே இடத்தில் 13.5-க்கு மேல், 14.5-க்குள் இருக்க வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அவற்றில் 12.8 என்று காட்டியதும் பயந்துவிடக் கூடாது. ஹெட்லைட் போட்டுச் சற்று நேரம் விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஏறிவிடும்.

இனி முக்கியமான அளவு. இன்ஜினும் டிம் லைட்டும் ஓடட்டும். பல்ப் மாட்டியபடியே இருக்கட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, மறு முனையைப் பல்ப் கப்ளரின் எர்த் முள்ளில் பின்பக்கமாகத் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த அளவு மின்சாரம் வெளிச்சமாகாமல் துருவிலும் லூஸிலும் வெப்பமாகப் போகிறது. அதே போல் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கப்ளரின் பிளஸ் முள்வரை அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில ஜப்பானிய வண்டிகளில் எச்4 பல்புக்கு (டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் இருக்கும் வகை) பிளஸ்தான் பொது, சுவிட்ச் மைனஸ் பக்கத்தில் இருக்கும். எந்த முள் எது என்பதை ஊகிக்காமல் மீட்டரிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரை வோல்ட்டில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறைவதை விடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 10 விழுக்காடு வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும். பேட்டரியில் 13.5 இருந்து பல்பில் 11.5 மட்டும் சேர்ந்தால் வெளிச்சத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு. "லைட் பத்தலை" என்று எல்இடி வாங்கப் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

எர்த் வேலை: முதலில் இது

செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம் என்பதால் நான் எப்போதும் இதையே முதலில் வைப்பேன். ஹெட்லைட் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவ வேண்டும். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த பட்டைகளையும் விட்டுவிடக் கூடாது. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவினால் போய்விடும். கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். புதிய வண்டிகள் பலவற்றில் மைனஸ் முனையிலேயே பேட்டரி சென்சார் இருக்கும், அதைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம்.

பெங்களூரில் இந்த வேலைக்கு ஒரு தனித் தேவை உண்டு. மே மாதத்தில் தொடங்கும் மழை அக்டோபர், நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்கிறது. தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியின் முன்பக்க எர்த் போல்ட்டுகள் மழைக்காலத்துக்குப் பிறகு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். அடித்தள பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளுக்கு எலி இன்னொரு தொல்லை. ஒயரின் மேல்தோலை மட்டும் கடித்துவிட்டுப் போயிருக்கும். வெயிலில் நன்றாக எரியும் லைட் மழையில் மட்டும் மினுக்கும். பானெட்டைத் திறந்து ஒயர்க் கட்டை முழுவதும் விரலால் தடவிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

அல்சூரில் நான் வண்டி காட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் என் எதிரில் ஒரு பையன் கேட்டான், "அண்ணே, எல்இடி போட்டா மினுக்கறது நிக்குமா?" அவர் பதில் சொல்லாமல் பல்பைக் கழற்றிக் கப்ளரை அவன் கையில் கொடுத்தார். மூன்று முள்ளில் ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. "இதுல எதை மாட்டினாலும் மினுக்கும் தம்பி," என்றார். நூறு வாட் பல்ப் யாரோ முன்பு போட்டிருக்கிறார்கள். 60/55 வாட்டுக்கு (பிரைட் 60, டிம் 55) வைத்த ஒயரில் 100/90 வாட் ஓடினால் கப்ளர் இப்படித்தான் ஆகும். பீங்கான் ஹோல்டரும் புது முள்ளும் போட்டதும் அந்த வண்டி சரியானது.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து வேண்டாம். ஃப்யூஸ் போகாவிட்டால் ஒயர் எரியும்.

பேட்டரி: அளவு சொன்னால் மட்டும்

இன்ஜின் ஓடும்போது விளக்குக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். எனவே நெடுஞ்சாலை வேகத்தில் மினுக்கினால் பேட்டரியின் மேல் பழி போடுவது அநேகமாகத் தவறு. சிக்னலில் நிற்கும்போது மட்டும் மங்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் தெளிந்து, காலையில் செல்ஃபும் தளர்ந்து சுற்றினால் பேட்டரியைப் பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஆனால் நல்ல பேட்டரியும் சார்ஜ் ஏறாமல் இப்படிக் காட்டும். முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் அதே எண் வந்தால்தான் புதிது வாங்குங்கள். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் வசதியுள்ள வண்டிக்கு அதற்கென்று வரும் பேட்டரியையே போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் போய்விடும்.

ஆல்டர்னேட்டர்: புதிதா, ரிப்பேரா

பழைய மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். வோல்டேஜ் 13-க்கும் 15-க்கும் இடையே ஊசலாடினால், வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரில் கோளாறு. 15-ஐத் தாண்டி நின்றால் அதுவும் ரெகுலேட்டர்தான், பல்புகள் அடிக்கடி ஃப்யூஸ் ஆவதற்கும் அதுவே காரணமாக இருக்கும். மழையில் கிறீச்சென்று சத்தம் வந்து அதோடு லைட்டும் மங்கினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டுக்குச் செலவு குறைவு, அதை முதலில் மாற்றுங்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் லைட் நடுங்கிக்கொண்டே இருந்தால், ஆல்டர்னேட்டரின் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டரை ஏசி (மாறுமின்சார) வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். விலை குறைந்த மீட்டர்கள் சிலவற்றில் ஒரு சிக்கல் உண்டு. ஏசி அளவில் வைத்து இன்ஜின் அணைந்த பேட்டரியைத் தொட்டாலே இருபதுக்கு மேல் ஏதோ ஒரு எண் காட்டும். அப்படிக் காட்டினால் அந்த மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்ப வேண்டாம்.

ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, "வண்டி ஆஃப் ஆகலை, டைனமோ நல்லாருக்கு" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகள் அதைத் தாங்கின. இன்றைய வண்டியில் பேட்டரியைச் சட்டென்று பிரித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவையே கொன்றுவிடலாம். யாராவது ஸ்பானரோடு அந்த முனையை நெருங்கினால் தயங்காமல் தடுங்கள்.

கோளாறு உறுதியானால் மூன்று வழி. ஒரிஜினல் புதிது, பெயர் தெரியாத மலிவான புதிது, பழையதையே பிரித்து பிரஷ், ரெகுலேட்டர், டயோடு தட்டு, பேரிங் மாற்றுவது. வண்டி பத்து ஆண்டைத் தாண்டியிருந்து, உள்ளே சுருள் கருகாமல் இருந்தால் மூன்றாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். பாஷ், டென்ஸோ, சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்றோரின் பழைய உடல் நல்ல செம்பும் நல்ல இரும்பும். அதற்குள் அதே கம்பெனியின் ரெகுலேட்டரும் டயோடும் போட்டால் பல ஆண்டு ஓடும். மலிவான புதிதில் சுருளின் தரமே தெரியாது. சுருள் கருகியிருந்தாலோ, வண்டியை இன்னும் நெடுநாள் வைத்து இரவுப் பயணம் அதிகம் போவதாக இருந்தாலோ ஒரிஜினல் புதிதுக்கே போய்விடுங்கள். நடுவில் நிற்கும் மலிவானதை எந்தக் கணக்கிலும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

ரிலே ஒயரிங்கா, எல்இடியா

பெரும்பாலானோர் உண்மையில் தடுமாறும் இடம் இது. இரண்டுமே "வெளிச்சம் கூடும், மினுக்கல் போகும்" என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன.

பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அருகே உள்ள சுவிட்ச் வழியாகவே போகும். இரண்டு 55 வாட் பல்புக்கு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு ஓடுகிறது. ஆண்டுக்கணக்கில் சுவிட்சின் உள்தகடு கருகி, மினுக்கல் தொடங்குகிறது. சுவிட்ச் தண்டைத் தொட்டு அசைத்தால் லைட் மாறும். இதற்கு ரிலே ஒயரிங் போல நல்ல மருந்து இல்லை. பேட்டரியிலிருந்து நேராக, பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து, தடித்த ஒயரில் பல்புக்கு மின்சாரம் போகும். பழைய சுவிட்ச் ரிலேவைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யும். அதே 60/55 வாட் பல்ப் புது உயிர் பெறும். எதிரே வருபவர் கண்ணும் கூசாது, ஏனென்றால் பல்பும் ரிஃப்ளெக்டரும் கம்பெனி வைத்த பொருத்தத்திலேயே இருக்கின்றன.

ஆனால் கம்ப்யூட்டர் வழியாக ஹெட்லைட்டை இயக்கும் புதிய வண்டிகளுக்கு இது பொருந்தாது. சில வண்டிகளில் பல்புக்குப் போகும் மின்சாரமே நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டித்தான் போகும். அதை வாங்கும் ரிலே கடகடவென்று அடித்து, இல்லாத மினுக்கலை உண்டாக்கும்.

எல்இடிக்கும் அதே காரணத்தால் அதே தொல்லை. ஹாலஜன் இழை சூடாகவே இருப்பதால் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்இடி உடனே அணைந்து உடனே எரியும், அதனால் மினுக்கும். பல்ப் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் அவ்வப்போது சோதிக்கும்போதும் அப்படியே. டீகோடர் என்று விற்கும் சிறு பெட்டி இதை நிறுத்தலாம். சில வண்டிகளில் நிறுத்தும், சிலவற்றில் நிறுத்தாது. பொருந்தாவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரர் எழுதித் தந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

எல்இடியின் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். ஹாலஜனை விடக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும், கப்ளரும் அவ்வளவு சூடாகாது. கம்பெனியே எல்இடிக்காக வடிவமைத்த ப்ரொஜெக்டர் விளக்கு அருமையானது. என் எதிர்ப்பு ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகுவதற்கு மட்டும்தான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் மெல்லிய இழை நிற்கும் புள்ளியைக் கணக்கிட்டு வெட்டப்பட்டது. எல்இடி சில்லு அந்தப் புள்ளியில் சரியாக உட்காராவிட்டால் ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்கு முன்னே வெள்ளையாக நிறைய வெளிச்சம் தெரியும், தொலைவில் குறையும், எதிரே பைக்கில் குடும்பத்தோடு வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த மனிதரை நினைத்தாவது இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வைத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆகவே பழைய வண்டியா, அளவில் வோல்டேஜ் இழப்பு தெரிகிறதா, ரிலே ஒயரிங். புதிய வண்டியா, ஹாலஜனே நல்ல கம்பெனி பல்பாக இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஹாலஜன் விளக்கில் எல்இடி செருகுவது என் பட்டியலில் இல்லை.

யார் கையில் கொடுப்பது

வாரண்டி இருக்கும் வண்டியை வெளியே யாரும் ஒயர் வெட்ட விடாதீர்கள், நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டர். அங்கே ஸ்கேனர் இருக்கிறது, கம்ப்யூட்டர் சார்ந்த கோளாறுக்கு அதுதான் வழி. குறை என்னவென்றால், ஒரு கப்ளர் முள்ளுக்காக முழு ஹெட்லைட்டையோ முழு ஒயர்க் கட்டையோ மாற்றச் சொல்லும் மதிப்பீடு வரலாம். நீங்கள் அளந்து எழுதிய எண்களைக் காட்டி, எந்தச் சோதனையில் இது கெட்டது என்று தெரிந்தது என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும்.

வாரண்டி முடிந்ததும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனே மேல். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோட்டில் உதிரிப் பாகம் வாங்குவது ஒரு வேலை, வேலை பார்க்கும் கையைத் தேடுவது வேறு வேலை. மீட்டரை எடுக்காமல் பொருளின் பெயரைச் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம். ஒயரை முறுக்கி டேப் சுற்றுபவரா, முள் அழுத்திக் குழாய் போட்டுச் சூடேற்றி மூடுபவரா என்றும் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அடுத்த மழையில் திரும்பவும் மினுக்கும். தமிழ், கன்னடம், உருது என்று எந்த மொழியிலும் பேசிக்கொள்ளலாம் என்பது இந்த ஊரின் வசதி, தயங்காமல் விவரம் கேளுங்கள்.

பல்ப், ஹோல்டர், ஹெட்லைட் எதைக் கழற்றியிருந்தாலும் வேலை முடிந்ததும் ஒளியின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சமதரையில், டயர் காற்று சரியாக, டேஷ்போர்டில் உள்ள லெவல் திருகியைச் சுழியத்தில் வைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் லைட்டின் மேல்விளிம்பு, விளக்கின் மைய உயரத்தை விட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், அதாவது தொலைவில் 1 விழுக்காடு, கீழே விழ வேண்டும். உங்கள் வண்டியின் ஹெட்லைட்டில் வேறு விழுக்காடு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.